அப்பா மூச்சை நிறுத்திய இரவு: குறட்டையும் பிபியும் சந்தித்த கதை

இது இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த 'ம்ம்', 'அதாவது வந்து' எல்லாத்தையும் வெட்டியாச்சு. வழக்கமா சோழர் காலம், ரயில்வே, பழைய மெட்ராஸ்னு பேசுற நம்ம பாட்காஸ்ட்டில் இன்னைக்கு ஒரு மருத்துவ வரலாறு. முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சுட்டு கோடு எழுதுற ஆள். ஆனா இந்தக் கதை என் வீட்டுக்குள்ள வந்துடுச்சு, அதனால ரெண்டு மாசமா இதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

போன டிசம்பரில் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஜவ்வாது மலை போனேன். ஜமுனாமரத்தூரில் ஒரே ஒரு ரூம்தான் கிடைச்சது. மூணு பேரும் அதிலேயே. வேலைக்குச் சேர்ந்து நான் தனியா இருக்க ஆரம்பிச்ச பிறகு, அப்பா இருக்கிற ரூமில் நான் தூங்குனதே இல்லை. அப்பாவுக்கு வயசு 57. பதினோரு வருஷமா பிபி. மூணு மாத்திரை, அதில் ஒண்ணு நீர் மாத்திரை. மூணும் போட்டும் 150-க்குக் கீழே இறங்க மாட்டேங்குது. "டென்ஷன் ஆகாதீங்க, உப்பைக் குறைங்க" என்பதுதான் இத்தனை வருஷமா கிடைச்ச ஆலோசனை. அப்பாவும் ஊறுகாயை விட்டுட்டார். டென்ஷனை எப்படி விடுறதுன்னு யாரும் சொல்லித் தரல.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். நல்ல குளிர். குறட்டைச் சத்தத்தில் முழிச்சுட்டேன். சத்தம் ஏறிக்கிட்டே போச்சு, திடீர்னு நின்னுடுச்சு. அப்பாடா, தூங்கலாம்னு கண்ணை மூடினா, ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. குறட்டை மட்டும் இல்ல, மூச்சுச் சத்தமே இல்லை. போர்வைக்குள்ள நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது, காத்து உள்ள போகல. எண்ண ஆரம்பிச்சேன். பத்து... இருபது... முப்பத்தெட்டில், கிணத்துத் தண்ணிக்குள்ள இருந்து மேல வர்ற மாதிரி ஒரு பெரிய சத்தத்தோட மூச்சு வந்தது. நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். இருட்டில் அம்மா குரல் கேட்டது: "அது அப்படித்தான்டா. கொஞ்ச நேரத்துல வந்துடும். நீ படு."

அம்மா முழிச்சுத்தான் இருந்திருக்காங்க. எத்தனை வருஷமா இப்படி எண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு கேட்க எனக்கு அப்ப தைரியம் வரல.

பாட்காஸ்ட் பண்றவன் பையில் ரெக்கார்டர் இல்லாம இருக்குமா? எடுத்து தலைமாட்டில் வெச்சேன். காலையில் லேப்டாப்பில் திறந்து பார்த்தா, வேவ்ஃபார்ம் முழுக்க ஓட்டை. குறட்டை ஒரு கொத்து, அப்புறம் தட்டையான கோடு, அப்புறம் வானத்தைத் தொடுற ஒரு ஸ்பைக். திரும்பவும் அதே. ஒரு மணி நேரத்தில் பத்து விநாடிக்கு மேல நீண்ட இடைவெளி மட்டும் 34. மருத்துவத்தில் ஒரு மூச்சுத்தடையை எண்ணுறதுக்கு வெச்சிருக்கிற அளவும் அதே பத்து விநாடிதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எடிட்டிங்கில் தினமும் நான் மௌனத்தை வெட்டித் தள்ளுறவன். இந்த மௌனங்களை மட்டும் ஒண்ணு விடாம உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் காவலூர் போனோம். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது பலருக்குத் தெரியும். 1986-இல் ராஜீவ் காந்தி திறந்து வெச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஆனா எனக்குப் பிடிச்ச கதை அதுக்கு முன்னாடி அங்கே வந்த 1 மீட்டர் தொலைநோக்கியோடது. 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போகப்போகுதுன்னு உலகம் முழுக்க வானியலாளர்கள் காத்திருந்தாங்க. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திர ஒளியை அளந்துக்கிட்டு இருந்தாங்க. கோள் நட்சத்திரத்தை நெருங்குறதுக்கு முன்னாடியே, ஒளி சில விநாடி சடார்னு இறங்கி, திரும்ப ஏறியது. யுரேனஸுக்கு ஒரு புது துணைக்கோள் இருக்குன்னு நேச்சர் இதழில் எழுதினாங்க. துணைக்கோள் இல்லை, அது வளையம். விமானத்தில் பறந்துக்கிட்டே கவனிச்ச அமெரிக்கக் குழுவுக்கு, கோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி பல இறக்கங்கள் கிடைச்சதால வளையம்னு புரிஞ்சது. காவலூர்க்காரங்க அளந்தது துல்லியம். விளக்கம்தான் மாறிப்போச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, குறட்டையின் வரலாறும் கிட்டத்தட்ட இப்படித்தான். இறக்கத்தை எல்லாரும் பார்த்தாங்க. அது என்னன்னுதான் ரொம்ப நாள் புரியல.

நம்ம ஊரில் கும்பகர்ணனைச் சொல்லிச் சிரிப்போம். இங்கிலாந்தில் அதுக்கு ஜோ. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் தொடராக எழுத ஆரம்பிச்ச பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் வர்ற குண்டுப் பையன். நின்ன இடத்தில் தூங்குவான், குறட்டை விடுவான். நூத்தி இருபது வருஷம் கழிச்சு, 1956-இல் அமெரிக்காவில் சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு நோயாளியைப் பத்தி கட்டுரை எழுதினாங்க. 51 வயது பிசினஸ்மேன், நல்ல உடல் பருமன். அவர் ஏன் மருத்துவமனைக்கு வந்தார் தெரியுமா? சீட்டாட்டம். போக்கரில் மூணு ஏஸ், ரெண்டு ராஜான்னு அருமையான சீட்டு கையில் வந்திருக்கு. ஆனா அதை வெச்சுக்கிட்டே மனுஷன் தூங்கிட்டார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போச்சு. அப்பதான் தனக்கு ஏதோ கோளாறுன்னு அவருக்கு உறைச்சிருக்கு. பர்வெல் குழு அந்த நிலைக்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சது. அவங்க விளக்கம்: உடல் பருமனால் மூச்சு மேலோட்டமாகுது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேருது, அதனால தூக்கம் வருது. அதில் உண்மை இல்லாம இல்லை. ஆனா எல்லா அளவையும் அவர் முழிச்சிருக்கும்போதுதான் எடுத்தாங்க. விஷயமே ராத்திரி நடக்குது.

1965-இல்தான் ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்தாங்க. பிரான்ஸில் மார்செய் நகரில் ஆன்ரி காஸ்டோ குழு, ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் யுங், கூலோ என்ற இருவர். ஒரே வருஷம், தனித்தனியா. மூளை அலையையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு பண்ணா, தூக்கத்தில் மூச்சு நிக்குது, மூளை ஒரு நொடி முழிக்குது, மூச்சு வருது, திரும்ப நிக்குது. ஒரு ராத்திரிக்கு நூத்துக்கணக்கில். பகலில் தூங்கி விழுறதுக்குக் காரணம், ராத்திரி அவர் தூங்கவே இல்லை என்பதுதான்.

சரி, பிபி எங்கே வந்தது? அதுக்கு இத்தாலி போகணும். பொலோன்யா நகரில் எலியோ லுகரேசியும் அவர் கூட்டாளிகளும் 1970-களின் தொடக்கத்தில், தூங்குற நோயாளிகளின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் வெச்சு ரத்த அழுத்தத்தை அளந்தாங்க. மூச்சு நிக்கிற ஒவ்வொரு தடவையும் அழுத்தம் ஏறுது. சாதாரணமா தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கணும். ரத்தக்குழாய்க்கு அதுதான் ஓய்வு. இவங்களுக்கு அந்த ஓய்வே கிடைக்கல.

அதுக்கு அடுத்து லுகரேசி குழு பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. சான் மரினோ என்ற குட்டி மலை நாட்டுக்குப் போய், 5,713 பேர்கிட்ட "நீங்க குறட்டை விடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. கூடவே பிபியையும் பார்த்தாங்க. 1980-இல் முடிவு வந்தது: தினமும் குறட்டை விடுறவங்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம். (அந்த நாட்டின் தித்தானோ மலையும் நம்ம காவலூரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், 700 சொச்சம் மீட்டர். இதுக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை, எனக்குச் சொல்லணும்னு தோணுச்சு.) குறட்டைங்கிறது பக்கத்தில் படுக்கிறவங்களோட பிரச்சினைன்னு இருந்தது, அப்பதான் விடுறவரோட பிரச்சினையா மாற ஆரம்பிச்சது.

நடுவில், 1972-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சம்பவம். பத்தரை வயசுப் பையன். காரணமே தெரியாத உயர் பிபி, பகலெல்லாம் தூக்கம், பலத்த குறட்டை. பிரான்ஸிலிருந்து அப்பதான் அங்கே வந்திருந்த கிறிஸ்டியன் கில்லெமினோ, அவன் தூங்கும்போது மூச்சையும் பிபியையும் சேர்த்து அளந்தார். மூச்சு நிக்கும்போதெல்லாம் பிபி எகிறுது. தொண்டைக்குக் கீழே துளை போட்டு, அடைப்பைத் தாண்டி மூச்சு விட வைக்கலாம்னு சொன்னார். குழந்தை மருத்துவர்கள் நம்பல. பிபிக்குத் தொண்டையில் துளையா? கடைசியில் வேற வழியில்லாம செஞ்சாங்க. சில நாட்களிலேயே பையனின் பிபி இயல்புக்கு வந்துடுச்சு, பகல் தூக்கமும் போச்சு. மாத்திரை கேட்காத பிபி மூச்சைச் சரி பண்ணதும் கேட்டது. 'ஸ்லீப் ஆப்னியா சிண்ட்ரோம்' என்ற பேரை கில்லெமினோ குழு பரவலாக்கியது 1976-இல்.

இப்ப, எஞ்சினியர் மூளைக்கு வர்ற கேள்வி. ரெண்டு விஷயம் சேர்ந்து நடந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடுமா? குண்டா இருக்கிறவங்களுக்குக் குறட்டையும் வரும், பிபியும் வரும். இதை வெச்சு ரொம்ப நாள் சண்டை. அது புரிய, ஹார்மோன் கதைக்குப் போகணும்.

1894. லண்டனில் ஜார்ஜ் ஆலிவர் என்ற மருத்துவரும் ஷேஃபர் என்ற உடலியல் பேராசிரியரும், சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தினாங்க. பிபி தாறுமாறா ஏறுச்சு. 1901-இல் ஜப்பானியர் ஜோகிச்சி தகாமினே அந்தச் சாற்றிலிருந்து அட்ரினலினைப் பிரிச்செடுத்தார். 1946-இல் ஸ்வீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர், அதோட சகோதரி நார்அட்ரினலினைத்தான் சிம்பதெடிக் நரம்புகளின் முனைகள் தூதுவனா விடுதுன்னு காட்டினார். இன்னொரு பக்கம் பெல்ஜியத்தில் கோர்னே ஹேமன்ஸ். கழுத்துத் தமனி ரெண்டாப் பிரியுற இடத்தில் ஒரு அரிசி மணி அளவில் 'கரோட்டிட் பாடி'ன்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சா அதுதான் மூளைக்கு அலாரம் அடிக்குதுன்னு கண்டுபிடிச்சு 1938-இன் நோபல் வாங்கினார்.

இவங்க யாரும் குறட்டையைப் பத்தி யோசிக்கல. ஆனா சர்க்யூட் ரெடி.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளருது, நாக்கு பின்னாடி சரியுது, காத்துப்பாதை மூடுது. ஆக்சிஜன் இறங்குது, கார்பன் டை ஆக்சைடு ஏறுது. கழுத்தில் உள்ள அரிசி மணி அலாரம் அடிக்குது. மூளைத்தண்டு சிம்பதெடிக் நரம்புகளை முடுக்குது. நரம்பு முனையில் நார்அட்ரினலின், அட்ரினல் சுரப்பியில் அட்ரினலின். ரத்தக்குழாய்கள் இறுகுது. மூளை அரைகுறையா முழிக்குது, மூச்சு பாய்ஞ்சு வருது, இதயம் வேகமா அடிக்குது, இறுகின குழாய்க்குள்ள ரத்தம் முட்டி மோதுது. பிபி உச்சத்துக்குப் போகுது. அப்புறம் திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. நம்மில் ஆன்-கால் டியூட்டி பார்த்தவங்களுக்குப் புரியும். ராத்திரி ஒரு தடவை அலர்ட் வந்தாலே மறுநாள் நாசம். ஒரு மணிக்கு 34 தடவை வந்தா?

இதை நிரூபிச்சது எலிகள். 1992-இல் யூஜின் ஃப்ளெட்சர் குழு, எலிகளைக் கூண்டில் வெச்சு, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஆக்சிஜனைக் குறைச்சுக் குறைச்சு ஏத்தினாங்க. தினமும் பல மணி நேரம், 35 நாள். எலிகளின் பிபி ஏறுச்சு, அதுவும் ஆக்சிஜன் நல்லா இருக்கிற நேரத்திலும். கரோட்டிட் பாடியின் நரம்பை வெட்டின எலிகளுக்கு ஏறல. சிம்பதெடிக் நரம்பு முனைகளை மருந்தால் அழிச்ச எலிகளுக்கும் ஏறல. பிந்தைய சோதனையில் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியை எடுத்த எலிகளுக்கும் ஏறல. நம்ம பாஷையில் சொன்னா, சர்க்யூட்டில் ஒவ்வொரு வயரா பிடுங்கிப் பார்த்த டீபக்கிங்.

மனுஷங்களில் அதைக் காட்டினது விரெந்த் சோமர்ஸ் குழு, 1995. காலில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுற நரம்புக்குள் ஊசி மின்முனை வெச்சு, சிம்பதெடிக் நரம்பின் பேச்சை நேரடியா ஒட்டுக்கேட்டாங்க. ஆப்னியா உள்ளவங்களுக்குத் தூக்கத்தில் அது கத்துது. அதைவிட முக்கியம், பகலில் முழிச்சு, அமைதியா, நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதும் அது மத்தவங்களைவிட அதிகமாவே கத்துது. ஏன் பகலிலும்? பரோடாவில் முனைவர் பட்டம் வாங்கி, பின்னாடி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றின நந்தூரி பிரபாகரின் ஆய்வுகள் இதுக்குப் பதில் தருது. ஆக்சிஜன் விட்டு விட்டு இறங்கி ஏறினா, கரோட்டிட் பாடியே அதீத உணர்ச்சி கொண்டதா மாறிடுது. அலாரத்தின் திரெஷோல்ட் மாறிப்போச்சு. ஒண்ணும் நடக்காதப்பவும் லேசா அடிச்சுக்கிட்டே இருக்கும்.

இங்கே ஒரு திருத்தம். 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்'னு சொன்னா ரீல்ஸ் பார்க்கிற நமக்கு உடனே கார்ட்டிசால்தான் ஞாபகம் வரும். ஆப்னியாவில் கார்ட்டிசால் ஏறுதாங்கிறதுக்கு ஆய்வு முடிவுகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. வலுவான சாட்சி நார்அட்ரினலின் பக்கம்தான். இன்னொரு அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனும் இதில் சம்பந்தப்பட்டிருக்கு. உப்பையும் நீரையும் உடம்பில் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் அது. மூணு மாத்திரைக்கும் அடங்காத பிபி உள்ளவங்களிடம் ஆப்னியாவும் அதிக ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்தே அடிக்கடி தென்படுது. அப்பாகிட்ட "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொன்னவங்க ஒரு வகையில் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. டென்ஷன் இருந்துச்சு. ஆனா அது ஆபீஸில் இல்ல, தொண்டையில்.

மக்கள்தொகை அளவில் சண்டையை முடிச்சது விஸ்கான்சின். 1988-லிருந்து அந்த மாநில அரசு ஊழியர்களை ஆய்வகத்தில் தூங்க வெச்சாங்க. 1993-இல் வந்த முடிவு, நடுவயது ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம் பேருக்கு மணிக்கு அஞ்சோ அதுக்கு மேலயோ மூச்சுத்தடை. 2000-இல் அடுத்த முடிவு: 709 பேரை நாலு வருஷம் தொடர்ந்ததில், மணிக்கு 15-க்கு மேல தடை இருந்தவங்களுக்கு பிபி இருப்பதற்கான ஆட்ஸ், தடையே இல்லாதவங்களைவிட கிட்டத்தட்ட 2.9 மடங்கு. உடல் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும். 2003-இல் அமெரிக்க பிபி வழிகாட்டியில், உயர் ரத்த அழுத்தத்துக்கு அடையாளம் காணக்கூடிய காரணங்களில் ஒண்ணா ஸ்லீப் ஆப்னியா இடம்பிடிச்சது. 2004-இல் மும்பையில் ஜரீர் உத்வாடியா குழு நடுவயது ஆண்களிடம் பார்த்தது: 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு, 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு சேர்ந்த முழு நோய். ஒல்லியா இருக்கிறவங்க தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம், கீழ்த்தாடை கொஞ்சம் பின்வாங்கி இருந்தாலே போதும்.

தொண்டைத் துளைக்கு மாற்று வந்தது சிட்னியில். காலின் சல்லிவன், வேக்குவம் கிளீனர் மாதிரியான ஒரு மோட்டாரைத் திருப்பிப் போட்டு, மூக்கு வழியா காத்தை மெல்ல அழுத்தி, பாதை மூடாம வெச்சார். 1981-இல் லான்செட்டில் அஞ்சு நோயாளிகளோட கட்டுரை வந்தது. அதுதான் சிபாப்.

இதோட கதையை முடிச்சா நல்லா இருக்கும். ஆனா நேர்மையா சொல்லணும். சிபாப் போட்டா பிபி குறையுது, ஆனா சராசரியா ரெண்டு, மூணு புள்ளிதான். மருந்துக்கு அடங்காத பிபி உள்ளவங்களிடம் ஸ்பெயினில் பண்ண 2013 ஆய்விலும் 24 மணி நேரச் சராசரியில் சுமார் 3 புள்ளி. 2016-இல் வந்த சேவ் ஆய்வு இன்னும் பெரிசு, ஏழு நாடுகளில் 2,700 பேர், இந்தியாவும் அதில் உண்டு. மாரடைப்பு, பக்கவாதத்தை சிபாப் குறைச்சதா காட்ட முடியல. ஆனா அதில் இருந்தவங்க மாஸ்க் போட்டது சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். மருந்து வேலை செய்யலையா, மருந்தைச் சாப்பிடலையான்னு இன்னும் வாதம் நடக்குது. அந்தப் பத்தரை வயசுப் பையன் மாதிரி அதிசயம் எல்லாருக்கும் நடக்காது. பல வருஷம் இறுகின குழாய் ஒரு மாசத்தில் இளகாதுன்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

அப்பாவை டெஸ்டுக்குச் சம்மதிக்க வைக்க மூணு வாரம் ஆச்சு. "நல்லாத் தூங்குறவன்தான்டா குறட்டை விடுவான்" என்பதுதான் அவர் வாதம். கடைசியில் அந்த ஜமுனாமரத்தூர் ரெக்கார்டிங்கை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். முப்பத்தெட்டு விநாடி மௌனத்தில் அவரே என் கையைப் பிடிச்சுட்டார். வீட்டிலேயே விரலில் மாட்டித் தூங்குற டெஸ்ட். மணிக்கு 41 தடை. ஆக்சிஜன் குறைஞ்சபட்சம் 74. அந்தக் கிராஃபில் கோடு இறங்கி இறங்கி ஏறுறதைப் பார்த்தப்ப காவலூர்தான் ஞாபகம் வந்தது.

மெஷின் வந்து நாலு மாசம் ஆகுது. முதல் நாள் மாஸ்க்கோட கண்ணாடியில் பார்த்துட்டு, "பிள்ளையார் மாதிரி இருக்கேன்"னார். பிபி 152/96-லிருந்து 143/90. மூணு மாத்திரையும் அப்படியே ஓடுது, டாக்டர் இப்போதைக்கு எதையும் குறைக்கல. மதியம் டிவி முன்னாடி தூங்கி விழுறது நின்னுடுச்சு. ராத்திரி மூணு மணிக்கு மேல மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சுடுறார், அது தெரியாத மாதிரி காலையில் நடிக்கிறார். அம்மாகிட்ட கேட்டேன், இப்பவாவது தூக்கம் வருதான்னு. "சத்தமே இல்லாம இருக்கு, அதான் முழிச்சு முழிச்சுப் பார்க்கிறேன்"னாங்க.

மெஷினோட ஆப் என் போனில்தான் இருக்கு. நேத்து 4 மணி 10 நிமிஷம்.

அடுத்த எபிசோடு காவலூர் தொலைநோக்கிகளைப் பத்தி. உங்க வீட்டில் அம்மாவோ அப்பாவோ இப்படி மூச்சை எண்ணிக்கிட்டு இருந்த கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.